மறைத்த நோயும் மறுத்த செலவும்

பஞ்சாயத்து உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே,

ஊரில் தொற்றுநோய் கண்டால், சந்தை நின்றுவிடுமே என்று அதை வெளியிட நாம் தயங்குவதுண்டு. 1892-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகர ஆட்சியினரும் அவ்வாறே தயங்கினர். கப்பல் வாணிபம் கெடும் என்று அஞ்சி, காலரா பரவியதை அறிவிக்கப் பல நாள் தாமதித்தனர். செலவுக்கு அஞ்சி நெடுங்காலம் ஒத்திப்போட்டதால், எல்பே ஆற்று நீர் வடிகட்டப்படாமலே குழாய்களில் வந்தது. 8,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர், வாணிபமும் முடங்கிற்று. அதே ஆற்று நீரை மணலில் வடிகட்டி வழங்கிய பக்கத்து நகரமான ஆல்டோனாவில் சாவு மிகக் குறைவு. அடுத்த ஆண்டே ஹாம்பர்க்கும் வடிகட்டும் நிலையத்தைத் திறந்தது.

அச்செலவை நாம் முன்னரே செய்வோம். குடிநீருக்கு முதலில் பணம் ஒதுக்குவோம். முதல் நோயாளியைக் கண்ட அன்றே சுகாதார நிலையத்துக்குத் தெரிவிப்போம்.