தொண்டும் பணிச்சோர்வும்
(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தைப்பூசத்திற்கு முதல் நாள் இரவு, சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்தில் நிற்கும் தொண்டூழியரைக் காணுங்கள். பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்தவர், விடியும்வரை காவடிகளுக்கு வழி ஒழுங்கு செய்கிறார். உடல் அயர்கிறது, உள்ளம் அயர்வதில்லை. அதே மனிதர் மறுவாரம் அலுவலகத்தில் ஒரு கோப்பைத் திறப்பதற்கே மலைக்கிறார். ஏன்?

விரும்பிச் செய்யும் வேலை களைப்புத் தராது என்று விடை கூறிவிடலாம். அது பாதி உண்மையே. பணிச்சோர்வு குறித்து 1974ஆம் ஆண்டில் எழுதிய உளவியலறிஞர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், அதனை வணிக நிறுவனத்தில் காணவில்லை. நியூயார்க்கின் இலவச மருத்துவ நிலையத்தில் கண்டார். அங்குச் சோர்ந்தவர்கள் சோம்பேறிகளல்லர். ஈடுபாடு மிக்க தொண்டர்கள். ஏறத்தாழ ஓராண்டில் அவர்களிடம் அயர்வும் எரிச்சலும் தலைகாட்டின. ஆலயத் தொண்டர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று கூறுகளை வகுத்தது: ஆற்றல் வற்றுதல், வேலையின்மேல் கசப்பு, செயல்திறன் குறைதல். இதனை அது நோயென்று கூறவில்லை. பணியிடத்தில் நீடிக்கும் மன அழுத்தத்தைச் சரிவரக் கையாளாததன் விளைவு என்றே வகைப்படுத்தியது.

ஒரே சுமை எல்லோரையும் ஒரே அளவில் அழுத்துவதில்லை. எதிலும் பதற்றம் கொள்வோர் விரைவில் தளர்கின்றனர். ஓயாது விரையும் இயல்பினரைப் பற்றி ஃபிரீட்மன், ரோசன்மன் என்னும் இதய மருத்துவர்கள் 1959இலேயே எழுதினர். (மின்தூக்கியின் பொத்தானை மும்முறை அழுத்துவோரை நம் வீவக அடுக்குமாடிகளில் நாள்தோறும் காணலாம்!) உந்துதலும் அவ்வாறே. 1971இல் எட்வர்டு டெசி நடத்திய சோதனையில், புதிர்களை விடுவிக்கப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்றதும் முன்போல் அவற்றில் ஆர்வம் காட்டவில்லை. உள்ளார்வத்தின் இடத்தை வெளிப்பரிசு பிடித்துக்கொண்டால் இவ்வாறு நேர்கிறது. பிறர் பாராட்டுக்காக உழைப்பவர் நிலையும் ஏறத்தாழ இதுவே. பாராட்டு குறைந்த அன்று வேலை சுமையாகிவிடுகிறது.

சிங்கப்பூர் அரசாங்கச் சேவையில் 2004ஆம் ஆண்டு முதல் வாரத்திற்கு ஐந்து நாள் வேலை. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான வழிகாட்டி நெறிகள் 2024 டிசம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்தன. அலுவலகத்திற்கு நெறி உண்டு; அன்னதானக் கூடத்திற்கு? "முடியாது" என்று சொல்லத் தெரியாதவரிடமே ஆண்டுதோறும் சாவிக்கொத்து போய்ச் சேர்கிறது. அவர் விலகிய பிறகுதான், அவர் வாடிப் போயிருந்தது பலருக்கும் தெரிய வருகிறது. ஈராண்டுக்கு ஒருமுறை அச்சாவி கைமாறட்டும். ஒரு திருவிழாவிலேனும் அவர் தம் குடும்பத்தாருடன் முதல் பந்தியில் அமர்ந்து உண்ணட்டும்.