கடைசி நாளிலிருந்து ஒரு கணக்கு
(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் துறையில் என் அனுபவங்கள்" என்ற தலைப்பில் பேசச் சொல்லித்தான் செயலாளர் போன் செய்தார். நான் பம்பு டிசைன் செய்கிறவன். பம்பைப் பற்றி இருபது நிமிஷம் பேசினால் மதியச் சாப்பாடு வரை இந்த ஹாலில் யாரும் மிஞ்ச மாட்டீர்கள். நல்லவேளையாக, இன்று காலை மெஸ் வாசலில் மூன்றாம் வருஷத் தம்பி ஒருவர் என்னை மடக்கினார். "அண்ணா, செமஸ்டர் முடிஞ்சதும் நாங்க நாலு பேர் பைக்ல ஒரு வாரம் கிளம்பறோம். எங்க போகலாம்? லடாக்கா, கொடைக்கானலா?" என்றார். கையில் இட்லித் தட்டுடன் நின்றபடி பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால் தலைப்பை மாற்றிக்கொள்கிறேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

2009 மே மாதம் இதே கேள்வியை நாங்கள் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டோம். நான்கு பேர், இரண்டு வண்டி. அதில் ஒன்று என் சித்தப்பாவின் நூறு சி.சி. வண்டி. வெயில் காலம், ஆகவே மலை. மலை என்றால் கொடைக்கானல். ஓட்டுப் போட்டோம், டீக்காசு கொடுத்தோம், எழுந்தோம். போனதும் சுற்றியதும் பிரமாதம், அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. திரும்பி வந்த நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கொடைக்கானலிலிருந்து தாம்பரம் ஏறக்குறைய 520 கிலோமீட்டர். விடியற்காலை கிளம்புவதாக ஏற்பாடு. ஒருவன் தூண் பாறையை இன்னொரு தரம் பார்க்கணும் என்றான். இறங்கும்போது மணி பன்னிரண்டு. வத்தலக்குண்டில் மூன்று, திருச்சியில் இரவுச் சாப்பாடு, விழுப்புரத்தில் நடுநிசி. மறுநாள் சித்தப்பாவுக்கு வண்டி வேண்டும், எனவே தங்குகிற பேச்சே இல்லை. திண்டிவனம் தாண்டி, மதுராந்தகத்துக்கு முன்னால், மணி ஒன்றரை இருக்கும். எனக்குத் தூக்கம் வந்ததாகவே ஞாபகம் இல்லை. அதுதான் அதில் உள்ள பயங்கரம். கண்ணைத் திறந்தபோது வண்டி ரோட்டின் நடுத்தடுப்பில் உரசிக்கொண்டிருந்தது.

வண்டியை ஓட்டியது நான். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த என் அறைத்தோழனுக்கு இடது கணுக்கால் மூன்று துண்டு. முகம் கூடச் சரியாகப் பார்க்காத ஒரு லாரி டிரைவர் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இரண்டு ஆபரேஷன், உள்ளே பிளேட், ஒரு வருஷம் படிப்பு பின்தங்கியது. கேம்பஸ் இன்டர்வியூ நாங்கள் போனோம், அவன் போகவில்லை. சேலையூரில் அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் அம்மா எனக்குக் காபி கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பதினாறு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில் ஒரு கிரகப்பிரவேசத்தில் அவனே ஆரம்பித்தான். "மே மாசம் எங்கயாவது போலாம்டா, அதே நாலு பேர். ஆனா நான் பின்னாடி உட்கார மாட்டேன். நான் ஓட்டறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குப் பாயசம் தொண்டையில் நின்றது.

இந்த முறை இடம் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அவன் இடது கணுக்கால் இன்றும் முழுசாக மடங்காது. கியர் நெம்புகோலை மேலே தூக்க வராது. ஆகவே கியர் இல்லாத 125 சி.சி. ஸ்கூட்டர்தான். எங்களில் ஒருவன் பெங்களூரில் இருக்கிறான், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வைத்திருக்கிறான். (1955இல் மெட்ராஸில் சேர்ந்து கட்டத் தொடங்கிய புல்லட் பரம்பரை. தாம்பரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரகடத்திலும் 2013 முதல் அந்தக் கம்பெனிக்குத் தொழிற்சாலை இருக்கிறது.) ஹிமாலயன் என்று பேர் வைத்த வண்டியை இமயமலைக்குக் கொண்டுபோகாமல் இருப்பது பாவம் என்பது அவன் கட்சி. லடாக் என்றான். கணக்குப் போட்டோம். இங்கிருந்து லே 3,000 கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேரும்போதே ஒரு வாரம் தீர்ந்துவிடும். வண்டியை ரயிலில் அனுப்பி, நாம் விமானத்தில் பறந்து போனால்? லே பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரம். உடம்பு அந்தக் காற்றுக்குப் பழக இரண்டு நாள் சும்மா படுத்திருக்க வேண்டும். மணாலி வழி மே மாதம் பனி விலகித் திறந்திருக்குமா என்பதும் அந்தந்த வருஷத்தின் அதிர்ஷ்டம். லடாக் நல்ல இடம்தான், ஆனால் பதினைந்து நாள் லீவு உள்ளவர்களுக்கு.

அடுத்து ஊட்டி, கொடைக்கானல். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரண்டுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. பாஸ் பெரிய தொல்லை இல்லை. பாஸ் வைக்கிற அளவுக்குக் கூட்டம் என்பதுதான் யோசிக்க வைத்தது. கொடைக்கானல் பெயர் வந்தபோது நால்வரும் கொஞ்ச நேரம் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஆசை கொல்லிமலை மேல். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு, மேலே ஆகாய கங்கை. இங்கே நம் ஃபிஸிக்ஸ் சார் வேலைக்கு வந்தார். ஸ்கூட்டர், ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து 200 கிலோ. இறக்கம் சுமார் ஆயிரம் மீட்டர். பெருக்கிப் பாருங்கள், இருபது லட்சம் ஜூல். ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. கியர் வண்டியில் இரண்டாவது கியரில் போட்டு இறங்கினால் அதில் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். ஸ்கூட்டரில் வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விலகிவிடும், இன்ஜின் பிடிப்பு போய்விடும். அத்தனை சூடும் இரண்டு சின்னப் பிரேக்குக்குள் இறங்கவேண்டும். சூடேறிய பிரேக் பிடிக்காது. ஸ்கூட்டரில் கொல்லிமலை போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 2009இல் அந்த நடுத்தடுப்பைப் பார்த்த பிறகு "போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள்" என்பது எனக்குப் போதுமான சான்றாக இல்லை. இதே கணக்கில் வால்பாறையின் 40 வளைவும் அடிபட்டது.

பெங்களூர்க்காரன் கோபமாகிவிட்டான். "ஒரு ஸ்கூட்டருக்காக மலையே வேணாம்கறயா? அப்ப வெயில்ல கடற்கரையிலயா போறது?" கிண்டலாகத்தான் கேட்டான். அறைத்தோழன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏன், தனுஷ்கோடி போனா என்ன?"

கத்திரி வெயிலில் கடலோரமாகப் போவதா என்று நீங்களும் சிரிக்கலாம். மே மாதத்தில் காலையில் மேற்கேயிருந்து தரைக்காற்று அனலாக அடிக்கும். மதியத்தை ஒட்டி, சூடேறிய தரையை நோக்கிக் கடல்காற்று உள்ளே வரும். கரையோரம் முதலில், உள்ளே போகப் போகத் தாமதமாக. மீனம்பாக்கம், தாம்பரம் பக்கம் வந்து சேர்வதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். கடற்காற்று சரியாக வராத நாளில் என்ன ஆகும் என்பதற்கு 2003 மே 31 சாட்சி, அன்று சென்னையில் 45 டிகிரி. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி பத்து மணிக்குள் முக்கால்வாசி தூரத்தை முடித்துவிட வேண்டும். மீதியை மாலை நான்குக்கு மேல் கடல்காற்றில் ஓட்டலாம். வியர்வைக்குக் குறைவிருக்காது, ஆனால் வளைவு இல்லை, இறக்கம் இல்லை, பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு ஊர், நிழல், பெட்ரோல் பங்க்.

ஆனால் முடிவு செய்ய வைத்தது வேறு. கணக்கை நான் ஏழாவது நாளிலிருந்து பின்னோக்கிப் போட்டேன். ஏழாம் நாள் வெளிச்சம் இருக்கும்போதே தாம்பரம் வந்துவிட வேண்டும். அப்படியானால் ஆறாம் இரவு எங்கே தங்கவேண்டும்? 210 கிலோமீட்டரில் சிதம்பரம். ஐந்தாம் இரவு பட்டுக்கோட்டை. அப்படியே பின்னால் போனால் நான்காம் நாள் தனுஷ்கோடி சரியாக வந்து உட்கார்ந்தது. யாருக்காவது முடியாமல் போனால்? 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்தபோது ராமேஸ்வரத்திலிருந்து நம் தாம்பரத்துக்கே ஒரு ரயில் விட்டார்கள். எந்த மலைக்கும் இந்த வசதி கிடையாது. இன்ஜினீயரிங்கில் இதை ஸ்டாண்ட்-பை என்போம். பம்பு ரூமில் இரண்டு பம்பு வைப்பது ஒன்று ஓடாது என்ற நம்பிக்கையில் அல்ல.

வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தில் ஈ.சி.ஆர். பிடித்தோம். ஸ்கூட்டர் முன்னால், நாங்கள் பின்னால், அறுபதைத் தாண்டக் கூடாது. ஹிமாலயன் புலம்பிக்கொண்டே வந்தது. முதல் இரவு சிதம்பரம். மறுநாள் தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை நிழலில் நுங்கு சாப்பிட்டோம். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15இலிருந்து 61 நாள். படகெல்லாம் கரையில் வரிசையாகத் தூங்கின, ஹோட்டலில் மீன் விலை மட்டும் விழித்திருந்தது. வேதாரண்யத்தில் உப்பளங்களுக்கு நடுவே சூரியன் மறைந்தது. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து இங்கேதான் நடந்து வந்தார் என்று நான் சொன்னபோது, "அவர் வெயில் காலத்துல நடந்தே வந்திருக்கார், நீ ஸ்கூட்டர்ல வர்றதுக்கு ஒரு மாசம் கணக்கு போட்ட" என்றான் பெங்களூர்க்காரன். மூன்றாம் நாள் மனோரா. நெப்போலியன் தோற்றதற்குத் தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1814இல் கட்டிய கோபுரம். யாரோ எங்கேயோ தோற்றதற்கு மல்லிப்பட்டினத்தில் எட்டு மாடி! பிறகு மீமிசல், தொண்டி, ராமநாதபுரம்.

நான்காம் நாள் காலை தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊர் போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்களுடன் போயிற்று. நம் எழும்பூர் போட் மெயில் ஒரு காலத்தில் இங்கே வந்துதான் இலங்கைக் கப்பலுக்கு ஆள் இறக்கியது. 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டார்கள். அதற்கு முன் மணலில் வேனில்தான் போகவேண்டும், ஸ்கூட்டருக்கு வேலையே இல்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவே நேர்க்கோடாக ரோடு. அறைத்தோழன் அங்கே எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். நாங்கள் முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தான். கணுக்காலில் அந்தத் தழும்பு நீளமாகத் தெரிந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். ஏதோ சொல்ல வேண்டும் என்று பதினாறு வருஷமாக வைத்திருந்தேன். அவன், "தண்ணி வெதுவெதுன்னு இருக்குடா" என்றான். சரி என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை ராமேஸ்வரத்தில் ரயிலில் திரும்புகிறாயா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் டயருக்குக் காற்று அடிக்கப் போய்விட்டான்.

ஏழாம் நாள், புதுச்சேரி தாண்டி மரக்காணம் பக்கம். மணி பதினொன்று. ஒரு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான்தான் அவசரப்படுத்தி, வெயிலில் ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று இடது பக்கத்தில் விடாமல் ஹாரன். திரும்பினால் ஸ்கூட்டர். ஓரம் கட்டு என்று கை காட்டினான். "நாலு தடவ கோட்டைத் தாண்டிட்ட. எனக்குப் பின்னாடிலேர்ந்து தெரியுது" என்றான். எனக்குத் தூக்கம் வந்ததாக ஞாபகம் இல்லை. அன்றும்.

ஒரு புளியமரத்தடியில் மூன்றரை வரை படுத்தோம். நான் தூங்கினேன், அவன் என் வண்டிச் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சேலையூர் வந்தபோது மணி ஆறேகால். தெருவில் பையன்கள் இன்னும் கிரிக்கெட் ஆடும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். முதலில் அவன் காலைப் பார்த்தார், பிறகு ஸ்கூட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் கை கால் கழுவிட்டு வாங்கடா, காபி போடறேன்" என்று உள்ளே போனார்.

மெஸ் வாசலில் கேட்ட தம்பி எங்கே இருந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் என்னை வந்து பார்க்கவும். உங்கள் நான்கு பேரில் சின்ன வண்டி யாருடையது, திரும்புகிற நாள் என்ன கிழமை, இரண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.