சட்டியும் அகப்பையும்

களமசேரியிலிருந்தும் மட்டாஞ்சேரியிலிருந்தும் வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் சொந்தங்களே!

முதுமொழி, அதாவது பழமொழி, பற்றிப் பேசச் சொன்னார்கள். தொல்காப்பியமே அதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. நுட்பமும் சுருக்கமும் ஒளியும் இருந்தால் மட்டும் போதாதாம். எடுத்த பொருளை முடித்துவைக்க அது வர வேண்டும், காரணமும் காட்ட வேண்டும். பேச்சுக்கு அழகு சேர்க்கச் சொருகினால் அது முதுமொழி ஆகாது.

ஒரு தொழிலாளி முன்பணம் கேட்டு நிற்கிறார். மேஸ்திரி சொல்கிறார்: "பில்லு இன்னும் பாஸாகல தம்பி. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?" முடிந்தது வழக்கு! காரணமும் அதுதான், தீர்ப்பும் அதுதான். சட்டி நிஜமாகவே காலியா என்பது வேறு விஷயம்.

இந்தப் பழமொழியைத்தான் நம் மேடைக்காரர்கள் 'சஷ்டியில் இருந்தால்' என்று திருத்தி, அகப்பையைக் கருப்பையாக்கி, விரதம் இருந்தால் பிள்ளை பிறக்கும் என்று பொருள் சொல்கிறார்கள். 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பதில் 'பேரை' எடுத்துவிட்டு 'வேரை' வைத்து, வைத்தியருக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறார்கள். கைதட்டல் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் பாட்டிமார் குத்திப் பேசத் தெரியாதவர்களா?

பழமொழி திரட்டியவர்களைப் பற்றிச் சொல்ல, பக்கத்தில் இருக்கிற வராப்புழைக்கு வருகிறேன். 1776இல் மலபாருக்கு வந்த ஆஸ்திரியப் பாதிரியார் பவுலினோஸ் அங்கே தங்கியிருந்தவர். ஐரோப்பா திரும்பிய பிறகு, 1791இல், மலபார்ப் பழமொழிகள் நூற்றை ரோமாபுரியில் அச்சிட்டார். தமிழில் பெர்சிவல் பாதிரியார் 1874இல் ஆறாயிரத்துக்கு மேல் தந்தார். பெரிய உழைப்பு. ஆனாலும் வெறும் தொகுப்பில் ஒன்று விட்டுப்போகும்: யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார் என்பது.

'யானைக்கும் அடி சறுக்கும்' என்கிறோம். பக்கத்து வீட்டுச் சேட்டன் 'அடி தெற்றியால் ஆனயும் வீழும்' என்பார். பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம் சொன்னால் அது ஆறுதல். தலைகால் தெரியாமல் ஆடுகிற முதலாளியைப் பார்த்துச் சொன்னால் எச்சரிக்கை. சொல் ஒன்றுதான், வேலை வேறு. இதை எந்த அகராதி எழுதும்?

அதனால் ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் பழமொழி திரட்டப் போவதாகச் செயலாளர் சொன்னார். அகர வரிசை அப்புறம் இருக்கட்டும். மாமியார் மருமகளிடம் சொன்னதா, கடைக்காரர் கடன்காரரிடம் சொன்னதா, அன்று என்ன தகராறு, அதற்கு வந்த பதில் என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். திட்டு வந்தால் திட்டையும் எழுதுங்கள். வெட்டிவிடாதீர்கள்.