நிலம் திரும்பிற்று, தொழில் திரும்பிற்றா?

(மயிலிட்டியில் கடற்றொழிலாளரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



மயிலிட்டி மண்ணில் நின்று அமெரிக்காவின் நவாஹோ மக்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "எங்கள் பாடே எங்களுக்குப் பெரும் பாடு, அமெரிக்கக் கதை எதற்கு?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கக்கூடும். கேட்கட்டும். 1990ஆம் ஆண்டு யூன் மாதம் வெறுங்கையோடு வெளியேறி, 2017 வரை தம் கடற்கரையைக் கண்ணாற் காணாதிருந்தவர்களுக்கு அவ்வாறு கேட்க எல்லா உரிமையும் உண்டு. ஆயினும் அந்தக் கதையிலே நமக்கு வேண்டிய ஒரு பாடம் கிடக்கிறது.

அரிசோனா, நியூ மெக்சிக்கோ, யூட்டா என்னும் மூன்று மாநிலங்களிற் பரந்து கிடக்கிறது நவாஹோ நாடு. நம் இலங்கைத் தீவு முழுவதையும் அதனுள் வைத்தாலும் இடம் மிஞ்சும். உலகம் அவர்களை நவாஹோ என்று அழைக்கிறது. அவர்களோ தம்மைத் 'தினே' என்பர். 'மக்கள்' என்பது அதன் பொருள். நான்கு திசையிலும் உள்ள நான்கு மலைகளே தம் நாட்டின் எல்லை என்பது அவர்கள் மரபு. வீட்டு வாயில் கிழக்கு நோக்கி இருக்கும். சோளம் விளைவிப்பர், ஆடு வளர்ப்பர், அதன் மயிரிலே பெண்கள் நெய்யும் கம்பளங்கள் உலகப் புகழ் பெற்றவை. பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். ஆட்டு மந்தையில் பெண்களுக்குத் தனி உரிமை உண்டு. மணமகன் மனைவியின் தாய்வீட்டை அடுத்துக் குடியேறுவது வழக்கம்.

இவ்வழக்கம் யாழ்ப்பாணத்தாருக்குப் புதுமையாகுமா? தாயின் காணி மகளுக்குச் சீதனமாகச் செல்வதும், மாப்பிள்ளை பெண்வீட்டிற்கு வருவதும், 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் வடித்த தேசவழமைக்கும் முற்பட்ட நம் வழக்கமன்றோ? சீதனக் கொடுமையை நாம் போற்றவில்லை. ஆனால், இருபத்தேழு ஆண்டுகள் ஒரு காணிக்குள் எவரும் கால் வைக்க முடியாதபோது, மகளுக்கு எழுதிக் கொடுக்க வந்த தாயின் கையில் என்ன இருந்தது? உறுதி இருந்தது, நிலம் இல்லை.

நவாஹோக்களின் நிலம் போன கதையைச் சுருங்கச் சொல்வோம். 1863இல் அமெரிக்கப் படை கிற் கார்சன் என்பவன் தலைமையிலே அவர்கள் நாட்டிற் புகுந்தது. சோளக் கொல்லைகளை எரித்தது, ஆடுகளைக் கொன்றது, பள்ளத்தாக்கிலே பீச் மரங்களையும் வெட்டிச் சாய்த்தது. பசியாற் சரணடைந்தவர்களை 1864 முதல் முந்நூறு மைலுக்கு மேல் நடத்திச் சென்று, பெக்கோஸ் ஆற்றங்கரையில் ஒரு முகாமிலே அடைத்தார்கள். எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கே கிடந்தனர். ஆற்று நீர் உவர்நீர்; விதைத்த சோளத்தைப் புழு தின்றது; விறகுக்கு மரமில்லை; நோயிலும் பட்டினியிலும் மாண்டவர் பலர்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. இந்த முகாமை நடத்துவது வீண் செலவு என்று அரசாங்கத்துக்கே தெரிந்துவிட்டது. 1868இல் ஷெர்மன் என்னும் தளபதி வந்தான். கிழக்கே வேறொரு நிலப்பரப்புக்குப் போகிறீர்களா என்று கேட்டான். அவர்கள் தலைவர் பார்பொன்சித்தோ அதற்கு இணங்கவில்லை. எம் சொந்த நாடு தவிர வேறெங்கும் எம்மை அனுப்ப வேண்டா என்று மன்றாடி நின்றார். யூன் 1ஆம் நாள் ஒப்பந்தம் முடிந்தது. மக்கள் வீடு திரும்பினர்.

இங்கேதான் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் நிலத்தை மட்டும் குறிக்கவில்லை. 15,000 செம்மறியும் வெள்ளாடும் வாங்கித் தருவோம் என்று அதிலே எழுதியிருந்தது. கமம் செய்யும் குடும்பத்துக்கு விதையும் கருவியும் முதலாண்டில் நூறு டொலர் பெறுமதி வரை எனவும், முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் எனவும் எழுதியிருந்தது. எழுதியவர்கள் தருமவான்கள் அல்லர், அழித்தவர்களே அவர்கள்தாம். பள்ளி வாக்குறுதி நெடுங்காலம் ஏட்டிலேயே கிடந்தது. ஆனால் எழுத்திலே இருந்தபடியால் ஆடு வந்தது, 1869இல் பங்கிட்டார்கள். அந்த ஆடுகளிலிருந்து மந்தை பெருகிற்று. மந்தையோடு நெசவும் மீண்டது. பழைய நாட்டின் ஒரு பகுதியே அன்று அவர்களுக்குக் கிடைத்தது. கேட்டுக் கேட்டு அதைப் பெருக்கினார்கள். இன்று அவ்வினத்தின் பதிவேட்டில் உள்ளவர் ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர்.

இப்பொழுது மயிலிட்டிக்கு வருவோம். 2017 யூலை 3ஆம் நாள் இத்துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. கண்ணீரோடு ஓடி வந்தார்கள் மக்கள். காணியோடு என்ன கிடைத்தது? கூரையற்ற சுவர்களும் எல்லை தெரியாத பற்றைக் காடும் கிடைத்தன. வடபுலத்தின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்று இது. நைலோன் வலையும் மூன்றரைத் தொன் இயந்திரப் படகும் வந்த காலத்திலே அவற்றைத் தயங்காது கைக்கொண்ட கரை இது. பழைமையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஊர் அல்ல. அத்தகைய ஊர் மக்கள் சுன்னாகத்துச் சபாபதிப்பிள்ளை முகாமிலும் மல்லாகத்துக் கோணப்புலத்திலும் ஓலைக்கும் தகரத்துக்கும் கீழே கூலிவேலை தேடி வாழ்ந்தனர். 1990இல் பத்து வயதாயிருந்த சிறுவனுக்கு 2017இல் முப்பத்தேழு வயது. கடலில் எந்தப் பாரிலே எந்தப் பருவத்தில் அறக்குளா வரும், சோளகம் எப்போது திரும்பும் என்பதைத் தகப்பனின் பக்கத்திலிருந்து கற்க வேண்டிய ஆண்டுகளெல்லாம் முகாமின் தண்ணீர் வரிசையிலே போயின. பிற கரைகளிலே தொழில் செய்தோர் சிலர் உளர். அது பிறர் கரை, பிறர் தயவு.

கமக்காரர் நிலையும் இதுவே. இந்தச் செம்மண்ணை மண்ணாக்கியது கிணறும் இறைப்பும் எருவுமே. துலா மிதித்த காலமும் இறைப்பு இயந்திரம் வந்த காலமும் கண்ட தோட்டங்கள், ஒரு தலைமுறைக் காலம் இறைப்பின்றிக் கிடந்தன. அரசாங்கம் 2013இல் வலிகாமம் வடக்கையும் கிழக்கையும் சேர்ந்த 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டியபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட சொந்தக்காரர் உறுதிகளோடு நீதிமன்றம் ஏறினார்கள். நல்ல காரியம். ஆனால் உறுதி இல்லாதவன் எங்கே ஏறுவான்? முகாமிலே பிறந்து, முகாமிலே மணம்முடித்து, சொந்தமாக ஒரு பரப்புக் காணியும் இல்லாத குடும்பங்களும் இவ்வூராரே. காணி விடுவிப்பு என்று நாம் முழங்கும்போது அவர்கள் பெயரை ஏனோ மெல்லத்தான் சொல்கிறோம். இது நம் குற்றம், கொழும்பின் குற்றமன்று.

கடலின் கதையோ வேறு. துறைமுகம் விடுபட்ட அதே வாரத்தில் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. சட்டம் வந்தபின்னும் எதிர்க்கரைப் படகுகள் வந்து நம் வலைகளை அறுத்துப் போயின. பிடிபட்ட படகுகளை இத்துறையிலேயே கட்டி வைத்ததனால் நம்மவர் படகுக்கு இடம் சுருங்கியதையும் கண்டோம். தொப்புள்கொடி உறவை நாம் மறுக்கவில்லை. இழுவைமடிக்கு உறவு தெரியாது. அது மீன்குஞ்சையும் கடற்புல்லையும் ஒருங்கே வாரிச் செல்லும். தமிழகத்துத் தலைவர்களிடம் இதைத் தமிழிலேயே சொல்லலாம். நாம்தாம் சொல்லத் தயங்குகிறோம்.

நவாஹோக்களிடம் மீண்டும் செல்வோம். 1930களில் அதே அரசாங்கம், ஆடு பெருகி மண் அரிக்கிறது என்று கணக்குக் காட்டி மந்தைகளைக் கட்டாயமாகக் குறைத்தது. மண் அரிப்பு பொய்யன்று. ஆனால் மந்தைக்குரிய பெண்களை ஒரு வார்த்தை கேளாமல் ஆடுகளைச் சுட்டு அப்படியே விட்டுச் சென்றதை எவ்வாறு மறப்பர்? பள்ளிகளிலே தாய்மொழி பேசிய பிள்ளைகளைத் தண்டித்தார்கள். 1942இல் யப்பானோடு போர் மூண்டிருந்தபோது அதே மொழி அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது. இருபத்தொன்பது இளைஞர் தம் மொழியிலே இரகசியச் சொற்களை அமைத்தனர். நீர்மூழ்கிக் கப்பலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'இரும்பு மீன்'. எதிரியால் அதை உடைக்க முடியவில்லை.

எல்லாவற்றிலும் நமக்கு வேண்டிய செய்தி நீரைப் பற்றியது. அந்நாட்டிலே இன்றும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வீடுகளுக்குக் குழாய் நீர் இல்லை. நீரைப் பெற்றுத்தர நடவடிக்கை எடுக்கும் கடமை அரசாங்கத்துக்கு உண்டு என்று 1868 ஒப்பந்தத்தைக் காட்டி வழக்காடினார்கள். 2023 யூனில் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில் அதை மறுத்தது. அத்தகைய கடமை ஒப்பந்தத்திலே இல்லை என்றார்கள். எழுத்திலே இருந்த ஆடு அடுத்த ஆண்டே வந்தது. எழுத்திலே இல்லாத நீர் 155 ஆண்டு கழித்தும் வரவில்லை.

ஆகவே இக்கூட்டத்துக்கு வந்திருக்கும் சட்டத்தரணிகளையும் ஆசிரியர்களையும் நாம் வேண்டுவது இது. விடுபடாத காணிகள் இன்னும் உண்டு. அவற்றுக்காக எழுதும் ஒவ்வொரு மனுவிலும் ஏக்கரை மட்டும் எழுதாதீர்கள். படகுக்கும் வலைக்கும் கடன், துறையிலே உள்ளூர்ப் படகுக்கு முதலிடம், தூர்ந்த கிணற்றைத் தோண்டும் செலவு, உறுதி இல்லாதவனுக்கு உறுதி, காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் கல் அகழ்ந்த குழிகளைப் போல் இனியொரு குழி நம் நன்னீருக்கு மேலே தோன்றாமலிருக்க உறுதிமொழி, இவையெல்லாம் எழுத்திலே வரட்டும். கடலிலே மூத்தவர்கள் சிலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். பார்களின் பெயரும் இடமும் அவர்கள் நெஞ்சிலேதான் உள்ளன. கூட்டம் முடிந்ததும் ஆசிரியர்கள் ஒரு கொப்பியோடு அவர்களுக்குப் பக்கத்தில் அமருங்கள். மேற்கே கீரிமலைப் பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.