மருந்துக்கு அடங்காத மலேரியா

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா ஓடைக் கரையிலே, 'மதராசி கேம்ப்' என்றொரு குடியிருப்பு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தன. அங்கே சென்றவர் கண்ணில் முதலில் படுவது சாக்கடைதான். காய்ச்சலெல்லாம் இதிலிருந்தே வருகிறது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் க்யூலெக்ஸ் கொசு. அது உறக்கத்தைக் கெடுக்கும், மலேரியாவைத் தராது. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நல்ல தண்ணீரைத் தேடி முட்டையிடுவது. குழாய் நாள்தோறும் வராத வீட்டில், பீப்பாயில் பிடித்து வைத்த குடிநீரே அதற்குத் தொட்டில்.

மலேரியாக் கிருமி நம் இரத்தத்தின் சிவப்பணுவில் குடிபுகுந்து அதன் சாரத்தை உண்கிறது. உண்ட மிச்சம் அதற்கே நஞ்சு. அந்த நஞ்சைப் படிகமாக மாற்றி ஒதுக்கிவிட்டுத்தான் அது பிழைக்கிறது. குளோரோகுயின் அந்த வேலையைத் தடுக்கும். கிருமி தன் எச்சிலிலேயே மடியும். ஆனால் கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒன்று, தற்செயலாக, புகுந்த மருந்தை வெளியேற்றும் வாயிலைப் பெற்றுவிடுகிறது. மருந்து மற்றவற்றையெல்லாம் கொன்று, அந்த ஒன்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. எதிர்ப்பை மருந்து படைப்பதில்லை. சல்லடையாய் நின்று பொறுக்கி எடுக்கிறது.

ஏழைகள் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதால் வந்த வினை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். அது முழு நியாயமன்று. 1950களில் பிரேசிலின் மாரியோ பினோட்டி, சமையல் உப்பிலேயே குளோரோகுயினைக் கலந்து வழங்கும் முறையை வகுத்தார். வேறு நாடுகளும் அதைப் பின்பற்றின. உண்ணும் உப்பின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே ஊர் முழுவதன் இரத்தத்திலும் கிருமியைக் கொல்லப் போதாத மருந்து ஓடிற்று. எதிர்ப்பு வளர்ந்ததில் அரசுகளின் உப்புக்கும் பங்குண்டு.

தாய்லாந்து - கம்போடியா எல்லையில் 1950களின் இறுதியில் தலைகாட்டிய எதிர்ப்பு, நம் நாட்டில் 1973இல் அஸ்ஸாமின் கார்பி ஆங்லாங் பகுதியில், பால்சிபாரம் என்னும் கொடிய வகையில் அறியப்பட்டது. 1965இல் ஓர் இலட்சமளவாகக் குறைந்திருந்த இந்திய நோயாளர் எண்ணிக்கை 1976இல் 64 இலட்சத்தைத் தாண்டியது. அதற்குப் பூச்சிமருந்துக்கு அடங்காத கொசுவும், நம் அயர்ச்சியும் பெரிய காரணங்கள். 2010இல் பால்சிபாரத்திற்கு ஆர்ட்டிமிசினின் கலந்த கூட்டு மருந்து நாடெங்கும் விதியாயிற்று. வடகிழக்கில் அதன் துணை மருந்து தோற்கவே, 2013இல் அங்கே வேறு கூட்டு வந்தது. கம்போடியாவில் ஆர்ட்டிமிசினினுக்கே கிருமி மெல்லத் தலைவணங்க மறுத்தது. பின்னர் ஆப்பிரிக்காவில் ருவாண்டா, உகாண்டா நாடுகளிலும் அது தெரியவந்தது.

தில்லியில் மிகுதியாகக் காணும் வைவாக்ஸ் வகைக்கோ குளோரோகுயின் இன்றும் மருந்து. பின் ஏன் காய்ச்சல் சில மாதங்களில் திரும்புகிறது? பெரும்பாலும் அது எதிர்ப்பன்று. கல்லீரலில் உறங்கிய கிருமி விழித்தெழுவது. அதை ஒழிக்க மருத்துவர் மேற்பார்வையில் 14 நாள் பிரிமாகுயின் உண்ண வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் தணிந்துவிட, வீட்டு வேலைக்குப் போகும் பெண்மணி பதினான்காம் நாள் வரை மாத்திரையை நினைவில் வைப்பது எளிதா? அவருக்குத் தெரிந்த மருந்தகம் நடந்து போகும் தொலைவில் இருக்க வேண்டும். அங்கே அவர் சீட்டு இருக்க வேண்டும்.

மதராசி கேம்பின் ஏறத்தாழ 370 வீடுகள், உயர்நீதிமன்ற ஆணையின்படி, 2025 ஜூன் 1ஆம் நாள் இடிக்கப்பட்டன. ஒரு பகுதியினருக்கு நகரின் மறுகோடியிலுள்ள நரேலாவில் குடியிருப்பு ஒதுக்கப்பட்டது, மற்றவர் சிதறினர். அவரவர் காய்ச்சலும் பாதி உண்ட மாத்திரையும் அவரவரோடு போயின.