ஏரிக்கரையில் ஒரு சனி, ஞாயிறு

(பொங்கலுக்குப் பிறகு நடந்த நம் மூத்தோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஓய்வுக்குப் பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று ஐந்து நிமிடம் பேசுங்கள் என்றார் செயலாளர். பேங்கில் கிளார்க்காக இருந்தவனுக்குப் பேச்சு வராது, கூட்டல் கழித்தல்தான் வரும். அதனால் போன சனி, ஞாயிறு இரண்டு நாளையும் வரவு செலவுக் கணக்கு மாதிரி அப்படியே ஒப்பிக்கிறேன்.

முதலில் ஒன்று. உங்களில் பலருக்குச் சனிக்கிழமை என்றால் விடுமுறை. எங்களுக்கு அது அரை நாள் வேலை. அரை நாள் என்பது பேருக்குத்தான், பேலன்சிங் முடிந்து வெளியே வரும்போது பஜார் தெருவில் விளக்குப் போட்டிருப்பார்கள். இரண்டாம், நான்காம் சனிக்கு லீவு என்று வந்ததே 2015 செப்டம்பரில்தான். நான் 2018இல் ரிட்டையர் ஆகிவிட்டேன். ஆகவே சனிக்கிழமை காலை என்பது எனக்கு இன்னும் புதுச் சட்டை போட்டுக்கொள்வது மாதிரி.

போன சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு நம் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் இருந்தேன். மழை முடிந்து நீர் நிறைந்து நிற்கும் மாதம். பனி விலகவில்லை. நீர்க்காகம் ஒன்று பட்ட மரத்தில் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. அதன் சிறகு வாத்துச் சிறகு மாதிரி இல்லை, தண்ணீரில் ஊறிவிடும். அதனால்தான் முங்கி எழுந்ததும் துணி காயப் போடுகிறது. முக்குளிப்பான் இங்கே மூழ்கி அங்கே எழும். எங்கே எழும் என்று நானும் சி பிளாக் வாத்தியார் சாரும் பந்தயம் கட்டுவோம். தோற்றவர் டீ வாங்கித் தரவேண்டும். மூன்று மாதமாக நான்தான் வாங்கித் தருகிறேன். அவர் கெமிஸ்ட்ரி வாத்தியார், நீரோட்டத்தைக் கணக்கிடுகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

நத்தைகுத்தி நாரை இரண்டு வந்திருந்தன. வாயை மூடினாலும் அலகின் நடுவில் இடைவெளி தெரியும். அந்த இடுக்கியோடு நத்தையை வெளியே இழுக்கும் நேர்த்தியைப் பார்த்தால், பழைய கேஷியர் நோட்டுக்கட்டு பிரிப்பது ஞாபகம் வரும். வீட்டுக்கு வந்தால் இட்லி, பேப்பர், மதியம் தூக்கம், மாலையில் பேரனோடு வீடியோ காலில் பதினேழாம் வாய்ப்பாடு. சனிக்கிழமை அவ்வளவுதான்.

ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். அன்று காலையில் வடிகால் வந்து ஏரியில் சேரும் மூலையில் ஜிலேபி மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் ரசித்துப் பார்த்தேன். வாத்தியார் சார் ரசிக்கவில்லை. "சார், அது விளையாட்டு இல்லை. மூச்சு முட்டுது" என்றார். சாக்கடை கலந்தால் அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடுமாம். இரவெல்லாம் பாசியும் செடியும் வேறு மூச்சு விடும், வெயில் வந்தால்தான் திரும்ப ஆக்ஸிஜன் சேரும். அதனால் விடியற்காலையில்தான் நிலைமை மோசம். ஆகாயத்தாமரை கொழுத்து வளர்வதும் அதே சாக்கடை உரத்தில்தான். இதைக் கேட்டுக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

டே புக் டேலி ஆகாத ராத்திரியில் தூக்கம் வராது, பேங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். அப்படி ஆயிற்று அன்றைக்கு.

ஞாயிறு காலை நாரையைப் பார்க்கவில்லை. வடிகால் ஓரமாகவே ஏரியிலிருந்து பின்னோக்கி நடந்தேன். மழை நின்று இத்தனை நாளாகியும் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடுகிறது என்றால் அது மழைநீர் இல்லை. வழியில் நான்கு குழாய் எட்டிப் பார்த்தன. ஐந்தாவது குழாய் நம் காம்பவுண்டுச் சுவரிலிருந்து வருகிறது, ஏ பிளாக் பின்பக்கம், செம்பருத்திச் செடி மறைவில்.

நம்முடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதற்கு வவுச்சர் போட்டதே நான். 2020 நவம்பர் மழையில் நிலத்தடி நீர் ஏறி செப்டிக் டேங்க் பொங்கியது நினைவிருக்கும். அவசரத்துக்கு ஒரு குழாய், மழைக்காலம் முடிந்ததும் அடைத்துவிடலாம் என்று கமிட்டியில் பேசினோம். பொருளாளர் நான். மதியம் பரணிலிருந்து ஃபைலை இறக்கிப் பார்த்தேன். "மழைநீர் வடிகால் பழுதுபார்ப்பு" என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. முப்பத்தாறு வருஷ சர்வீஸில் நான் எழுதாத ஒரு தவறான விவரக்குறிப்பை, சம்பளமில்லாத வேலையில் எழுதியிருக்கிறேன். அடைக்கவும் இல்லை. மாதம் ஆறு லோடு எடுத்த கழிவுநீர் லாரி இரண்டு லோடாகக் குறைந்தது. கொரோனா சமயம், மொட்டை மாடியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து நடத்தினோமே ஒரு பொதுக்குழு, அதில் பராமரிப்புச் செலவு குறைந்ததற்கு எனக்குக் கைதட்டினீர்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

இந்த ஏரிக்கு 2019இல் அரசு 25 கோடி ஒதுக்கியது. அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் உள்ளே இறங்கிக் குப்பை அள்ளினார்கள், நம் கட்டடத்திலிருந்தும் சில பையன்கள் போனார்கள். இங்கே நிரம்பினால் செம்பாக்கம் ஏரி, அப்புறம் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று போய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்களே, அதேதான். நம் குழாய்த் தண்ணீரும் அந்த வழியேதான் போகிறது.

மற்ற நான்கு குழாய்க்காரர்கள் இருக்கிறார்களே என்று என் வீட்டுக்காரம்மாவே கேட்டாள். இருக்கிறார்கள். அவர்கள் வவுச்சர் என் ஃபைலில் இல்லை.

கணக்குச் சொல்லிவிடுகிறேன். குழாயை அடைத்தால் மாதம் நான்கு லோடு கூடும். லோடு 1,500 ரூபாய் என்றால் 6,000. முப்பத்தாறு வீட்டுக்கு வகுத்தால் வீட்டுக்கு 166 ரூபாய் 67 காசு. பாதாளச் சாக்கடை இணைப்பு நம் தெருவுக்கு வரும் வரை இந்தச் செலவு நிற்காது. வாடகைக்கு இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், சொந்தக்காரர்கள் அதைவிட அதிகமாக. பென்ஷன் இல்லாதவர்கள் நம்மிடையே மூன்று வீட்டில் இருக்கிறார்கள், அவர்கள் பங்குக்கு என்ன செய்வது என்று கமிட்டி யோசிக்கவேண்டும். எனக்கு அதற்கு விடை தெரியவில்லை.

அடுத்த பொதுக்குழுவின் அஜெண்டாவில் மூன்றாவது பொருளாக இதைப் போடச் சொல்லிச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் வரியில் அப்போதைய பொருளாளர் நான் என்பதையும் எழுதியிருக்கிறேன். ஃபைல் என் வீட்டில்தான் இருக்கிறது, பி பிளாக் முதல் மாடி. மாலை ஐந்து மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஞாயிறு காலையில் மட்டும் வராதீர்கள், வாத்தியார் சாருக்கு டீ பாக்கி இருக்கிறது.