காசு சேர்ப்போம், கதை பகிர்வோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



“காசு சேர்த்தல்” என்னும் பொருள் பற்றிப் பேசுவேன் என்று அறிவித்தபோது பின்வரிசையிற் சிலர் புன்னகை புரிந்தனர். படிக்கிற பையனுக்குச் சேர்ப்பதற்குக் காசு ஏது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அஞ்ச வேண்டாம். நான் பேச வந்தது கடைக்காரர் கையிற் கொடுத்தால் திருப்பித் தரும் செல்லாக்காசைப் பற்றியே!

பழைய நாணயங்களைத் தேடிச் சேர்ப்பது ஒருகாலத்தில் மேனாட்டு அரசர்களின் பொழுதுபோக்காக இருந்தது. இன்று மாணவனும் அதனை மேற்கொள்ளலாம். ஆனால் சேர்த்ததைப் பெட்டியிற் பூட்டித் தான் மட்டும் திறந்து பார்த்து மகிழ்பவனுக்கும், புதையல் காத்த பூதத்துக்கும் என்ன வேற்றுமை? கைமாறுவதற்காகப் பிறந்தது காசு. கடையில் அது கைமாறும் காலம் முடிந்த பின்னர், அதன் கதையாவது வாய்மாற வேண்டாமா? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்கும் விண்ணப்பம்.

இந்தப் பொழுதுபோக்குக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் வீட்டுக்குள்ளேயே தொடங்கலாம். சித்திரை வருடப் பிறப்பன்று பெரியவர்கள் கைவிசேடம் தருகிறார்கள். நேர்த்தி வைக்கும்போது மஞ்சள் துணியிற் காசு முடிகிறோம். நம் தாய்மாரின் தாலிக்கொடியிலே பவுண்காசு தொங்குகிறது. அதனை என்றாவது உற்று நோக்கியதுண்டா? பழைய கொடிகள் பலவற்றில் அக்காசின் ஒரு புறம் ஆங்கிலேய அரசரின் தலையும், மறுபுறம் குதிரைமேல் இருந்து பறவைநாகத்தைக் கொல்லும் வீரன் ஒருவனும் இருக்கக் காணலாம். அவ்வீரர் செயின்ற் ஜோர்ஜ் என்னும் கிறித்தவப் புனிதர். இங்கிலாந்தில் 1817ஆம் ஆண்டு முதல் அடிக்கப்பட்ட அந்தப் பொற்காசின் நிறை ஏறக்குறைய 8 கிராம். இன்றும் நகைக்கடையில் “ஒரு பவுண்” என்றால் 8 கிராம் என்று கணக்கிடுவது அக்காசு விட்டுச் சென்ற வழக்கமே. சைவப் பெண்ணின் மங்கலக் கொடியிலே இலண்டன் நகரத்து நாணயம் ஏறிய கதையை அடுப்படியில் நின்று ஆச்சிக்குச் சொல்லிப் பாருங்கள். ஆச்சி அதற்குப் பதிலாக ஒன்பது கதை சொல்லுவார்.

நாம் பேசும் சொற்களிலும் காசு மறைந்திருக்கிறது. “துட்டு” என்கிறோமே, அச்சொல் ஒல்லாந்தர் புழங்கிய “டொயிற்” என்ற செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது என்பர். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட அவர்களது கும்பனியின் பின்னல் எழுத்து முத்திரையோடு கூடிய அச்செப்புக்காசுகள் இன்றும் நம் ஊர்ப் பழைய பெட்டகங்களிற் கிடைப்பதுண்டு. ரூபாயும் சதமும் வந்தது அதற்கு வெகுகாலத்தின் பின்னர், 1872ஆம் ஆண்டில். 1870ஆம் ஆண்டு முத்திரையிட்ட விக்டோரியா மகாராணியின் செப்புச் சதத்திலே, பனையினத்து மரம் ஒன்றின் இருபுறமும் சிங்களமும் தமிழும் பொறித்திருக்கின்றன. கடல் கடந்து வந்த அரசும் நம் எழுத்தைக் காசில் இட்டே நம்முடன் கொடுக்கல் வாங்கல் செய்தது.

இனி, நம் சொந்த மன்னரின் காசுக்கு வருவோம். நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் செப்புக்காசு வெளியிட்டனர். ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே “சேது” என்ற தமிழ்ச்சொல். இன்னொரு வகையில் நந்திக்குப் பதிலாக இருக்கும் உருவம் ஒன்றைக் காணலாம். நிற்கும் உருவமும் இருக்கும் உருவமும் முதலாம் இராசராச சோழன் (985 – 1014) காலம் முதல் இத்தீவிற் பரவிய காசு மரபைச் சேர்ந்தவை. 1619இற் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய பின் இக்காசுகளை அடித்தவர் யார் என்பதே மறந்துபோயிற்று. சேது என்ற சொல்லைக் கண்டு, இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு உரியன என்று கருதியோரும் உண்டு.

மறந்த அக்காசுகளை மீண்டும் நம் மன்னர் பெயரில் எழுதி வைத்தவர்களுள் முன்னிற்பவர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875 – 1947). அவர் 1920ஆம் ஆண்டில், யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட நாணயங்கள் பற்றி ஆங்கிலத்திற் கட்டுரை எழுதினார். நந்தி பொறித்த சைவ மன்னரின் காசுக்காக வாதாடியவர் ஒரு கத்தோலிக்க குரு! மிசன் பாடசாலையிற் படித்தவன் என்ற முறையில் இதனை இந்து வாலிபர் சபையிலே சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. காசின் கதையைப் பகிர்வதற்குச் சமயம் ஒரு வேலியாக இருந்ததில்லை. நாமும் அதனை வேலியாக்க வேண்டாம்.

அதே காலத்திற் கந்தரோடையில் ஆராய்ந்த போல் ஈ. பீரிஸ் அவர்கள், அங்கே கிடைத்த அச்சுக்குத்திய பழைய வெள்ளிக் காசுகளையும், இலட்சுமி உருவத் தகடுகளையும், உரோம நாணயங்களையும் பற்றி 1917, 1919ஆம் ஆண்டுகளில் எழுதினார். உரோமாபுரி எங்கே, கந்தரோடை எங்கே! நம் தோட்டத்து மண்ணிலே உலகத்து வணிகம் புதைந்து கிடந்தது அதனால் அன்றோ தெரிய வந்தது?

இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். சேதுக் காசு ஒன்று கொழும்பில் ஒரு வியாபாரியின் தட்டிற் கிடந்தால், “இது சேதுக் காசு” என்று மட்டுமே சொல்லலாம். அதே காசு இன்ன ஊரில், இன்னார் கிணறு வெட்டும்போது, இத்தனை முழ ஆழத்தில், இன்ன ஓட்டுத் துண்டுகளோடு வந்தது என்று தெரிந்தால், அது அந்த ஊரின் வயதைச் சொல்லும். அந்தச் சாட்சியம் காசில் எழுதியிருப்பதில்லை. மண்வெட்டி பிடித்தவரின் நினைவில் இருக்கிறது. அவரோடு பேசாதவன் காசை வாங்கிக்கொண்டு வரலாற்றை விட்டுவிட்டு வருகிறான்.

அந்த நினைவுகளும் நம் கண்முன்னே மறைகின்றன. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் எரிந்த நமது பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு எழுந்து நடந்தபோது, பெட்டகமும் கொட்டைப்பெட்டியும் கிடந்த வீடுகள் பூட்டியபடி நின்றன. திரும்பி வந்தோர் பலர் வெறுஞ்சுவரையே கண்டனர். ஓரிடத்தில் மட்டும் உள்ளது ஓரிரவில் அழியும். பலர் அறிந்தது எளிதில் அழியாது. ஆகவேதான் பகிர்தல் வேண்டும் என்கிறேன்.

எவ்வாறு பகிர்வது? 1944ஆம் ஆண்டின் பூவிதழ் விளிம்புள்ள இரண்டு சதத்தை ஒரு முதியவரின் உள்ளங்கையில் வைத்து, “இதற்கு அப்போது என்ன வாங்கலாம், அப்பு?” என்று கேளுங்கள். சந்தையும், சங்கக்கடையும், யுத்தகாலத்து அரிசிப் பங்கீடும் வரிசையாக வரும். அரசியின் தலை நீங்கி அரச இலச்சினை பொறித்த காசுகள் வந்த 1963ஆம் ஆண்டை நினைவில் வைத்திருப்போர் இன்று எழுபது வயதை எட்டியோ கடந்தோ இருப்பர். கேட்பதற்கு நமக்கு அதிக காலம் இல்லை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமாவின் பையில் நோர்வேயின் துளையுள்ள குரோனரும் கனடாச் சதமும் இருக்கும். அவற்றையும் கேட்டு வாங்குங்கள். நம்மவர் சிதறிப்போன பாதையை நாளை சொல்லப் போகும் சாட்சிகள் அவையே. நமக்கு இரண்டு கிடைத்தால் ஒன்றைச் சின்னஞ்சிறு பிள்ளை ஒன்றுக்குக் கைவிசேடமாகக் கொடுப்போம். கதையையும் சேர்த்துக் கொடுப்போம்.

“காட்டினால் கள்ளன் வருவானே” என்று பெரியோர் கேட்பது நியாயமே. பொன்னைக் காட்ட வேண்டாம். செப்புக்காசும் கதையும் போதும். எவரிடம் என்ன இருக்கிறது என்று ஊரறியச் சொல்லவும் வேண்டாம். மண்ணிலிருந்து பழங்காசு வெளிப்பட்டால், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அதனை நம் விருப்பப்படி விற்க இடந்தராது. தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை. நாவலர் வீதியிலுள்ள நூதனசாலையையும் ஒருமுறை சென்று பாருங்கள். இன்னொன்று: பழங்காசைப் புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்குப்போல் மினுக்காதீர்கள். மேலே படிந்த களிம்போடு எழுத்தும் போய்விடும். விளிம்பிற் பிடித்து, கடதாசி உறையிலிட்டு, தந்தவர், இடம், திகதி ஆகிய மூன்றையும் உறையில் எழுதுங்கள்.

நண்பர்களே, நமது சங்கம் ஒரு தடித்த கொப்பி வாங்கட்டும். ஊரிலுள்ளோர் விரும்பிக் காட்டும் காசுகளின் உருவத்தையும் கதையையும் அதிற் பதிவோம். காசு அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். அக்கொப்பியை ஆண்டுதோறும் சரஸ்வதி பூசையன்று ஏடுகளோடு வைத்து, மறுநாள் எல்லோரும் படிக்கத் திறப்போம். பிரதி ஒன்றை வேறிடத்திலும் வைப்போம். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரமும், பெரியவர் பேசும்போது குறுக்கிடாத பொறுமையும் போதும்.

நம் மொழியிலே நாணயம் என்ற ஒரு சொல்லே காசையும் நேர்மையையும் குறிக்கும். முன்னோர் விட்டுச்சென்ற முதலது, கடையிற் செல்லாமற் போகலாம். அதனைக் கேட்டறிந்து, உள்ளபடி எழுதி, இளையோர் கையிற் சேர்ப்பது நம் பங்குக்குரிய இரண்டாம் நாணயம். அது என்றும் செல்லுபடியாகுக என்று கூறி அமைகின்றேன்.